பேய்களின் பேரேடு

பேய்களைப் பட்டியல் போடுவது தமிழுக்குப் புதிதல்ல. நிகண்டுகாரர்கள் அலகை, கழுது, கூளி, குணங்கு என்று பெயர்களை அடுக்கிவைத்துப் போனார்கள். பரணி பாடியவர்கள் அந்தப் பெயர்களுக்கு உடம்பும் வயிறும் கொடுத்தார்கள். ஆனால் பேய்ப் பட்டியலே தனி நூல்வகையாக, நல்ல விலைக்குப் போகும் சரக்காக, பதிப்புக்குப் பதிப்பு திருத்தி எழுதப்படும் சாஸ்திரமாக ஆனது கடந்த ஐம்பது வருஷத்து அமெரிக்காவில்தான். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' என்ற விளையாட்டையும், அதன் பின்னால் வரிசையாக வந்த துணைநூல்களையும் சொல்கிறேன். இவற்றோடு இலக்கிய விமர்சனத்துக்கு என்ன வேலை என்று நம் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். கோயம்புத்தூரில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி இதை ஆடுகிறார்கள். அவர்களுடைய கற்பனையில் செத்தவர்களுக்கு என்ன இடம் என்பதை இந்தப் புத்தகங்கள் தீர்மானிக்கின்றன. முந்நூறு பேர் வாசிக்கிற கவிதைத் தொகுதியைப் பற்றி நாம் முப்பது பக்கம் எழுதுகிறோம். இதைப் பற்றி ஐந்தாறு பக்கம் எழுதினால் தப்பில்லை.

விளையாட்டு இதுதான். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை ஆடுகிறவர் வாயால் சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். எதிரே வருகிற ஜந்து எத்தனை அடி தாங்கும், எந்த ஆயுதத்துக்கு மசியும், அதைக் கொன்றால் எத்தனை அனுபவப் புள்ளி கிடைக்கும் என்ற விவரமெல்லாம் கதை நடத்துகிறவர் கையில் இருந்தாக வேண்டும். இதற்காக 1977-ல் 'மான்ஸ்டர் மானுவல்' வந்தது. 350-க்கு மேற்பட்ட ஜந்துக்கள், அகர வரிசையில். பிறகு இனத்துக்கு ஒரு புத்தகம் என்று ஆயிற்று. செத்தும் சாகாதவர்களுக்கென்றே 1991 முதல் வான் ரிக்டன் கையேடுகள், 2004-ல் 'லிப்ரிஸ் மார்ட்டிஸ்', 2009-ல் 'ஓபன் க்ரேவ்', போட்டி விளையாட்டான பாத்ஃபைண்டரில் 2022-ல் 'புக் ஆஃப் தி டெட்'. இது முழுப் பட்டியல் அல்ல.

'செத்தும் சாகாதவர்' என்று நான் சுற்றி வளைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'அன்டெட்' என்று ஒரே சொல். ப்ராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய 'டிராகுலா'வுக்கு முதலில் வைக்க நினைத்த பெயரே அதுதான். ரத்தக்காட்டேரியைக் குறித்த அந்தச் சொல், விளையாட்டுக்காரர்கள் கையில் ஒரு பொதுச் சாதிப் பெயராகிவிட்டது. எகிப்தின் மம்மியும் அரபிக் கதைகளின் கூலும் ஹெய்ட்டியின் ஸாம்பியும் ஒரே கூரையின் கீழ் வந்தன. தமிழில் இப்படியொரு பொதுச் சொல் இல்லை. ஆவி, பேய், பிசாசு, முனி, வேதாளம், காட்டேரி ஆகியவை ஒன்றுக்கொன்று உறவும் இல்லை, பொது லட்சணமும் இல்லை. சொல் இல்லாததைக் குறை என்று நான் நினைக்கவில்லை. எல்லாச் சாவையும் ஒரே தலைப்பில் போட நம்மவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒரே தலைப்பில் போட்டால் என்ன ஆகிறது என்பதற்கு ஸாம்பி நல்ல உதாரணம். 1974-ன் முதல் விதிநூலில் பூசாரியைக் கண்டு ஓட வேண்டிய சாகாப்பிணங்கள் எட்டு வகை. எலும்புக்கூட்டுக்கு அடுத்த படியில் ஸாம்பி. ஹெய்ட்டியின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அடிமைகளுக்குச் சாவு ஒன்றுதான் விடுதலை. அந்தச் சாவையும் ஒருவன் மந்திரத்தால் பறித்துக்கொண்டு, புதைத்த உடலை எழுப்பி, மறுபடி தோட்டத்தில் இறக்கிவிடுவான் என்ற பயம்தான் ஸாம்பி. இதைவிடக் கொடூரமான கற்பனையை அடிமை முறை உற்பத்தி செய்ததாக எனக்குத் தெரியவில்லை. விளையாட்டில் இதில் என்ன மிச்சம்? மந்திரவாதிக்கு ஏவல் செய்கிற, மெதுவாக நடக்கிற, சுலபமாக வெட்டி வீழ்த்தக்கூடிய பிணம். 2008-ல் வந்த நான்காம் பதிப்பில் 'மினியன்' என்று ஒரு வகை செய்தார்கள். அடியாள் என்று சொல்லலாம். ஒரே அடி பட்டால் போதும், விழுந்துவிடுவான். ஸாம்பிகளிலும் அடியாட்கள் உண்டு. தோட்டத்து முதலாளியின் கணக்கும் விளையாட்டின் கணக்கும் இங்கே ஒத்துப்போகின்றன. பெயர் தேவையில்லை, தலையை எண்ணினால் போதும்.

இதை வைத்து இந்தப் புத்தகங்களை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடுவது சுலபம். நான் அதைச் செய்யப் போவதில்லை. காரணம் உருவம் சம்பந்தப்பட்டது. இந்த நூல்களில் ஜந்துக்களைப் பற்றிய வர்ணனை பெரும்பாலும் மூன்றாந்தரமான உரைநடை: அழுகல், பச்சை வெளிச்சம், சிவந்த கண்கள். ஆனால் வர்ணனை அவற்றின் உருவம் அல்ல, விதிதான் உருவம். யாப்பு கவிதைக்குச் செய்கிற காரியத்தை இங்கே விதி செய்கிறது. ஆரம்பப் பதிப்புகளில் வைட், ரெய்த், ஸ்பெக்டர், ரத்தக்காட்டேரி ஆகியவை தொட்டால் உடம்பில் பட்ட காயத்தோடு விஷயம் முடியாது; பாத்திரம் அதுவரை ஏறிவந்த படியிலிருந்து ஒன்றோ இரண்டோ இறங்கிவிடும். மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த அனுபவம் ஒரு தொடுதலில் போய்விடும். செத்தவர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வது நாம் வாழ்ந்ததையே என்பதை இந்த விதி ஒரு அடைமொழிகூட இல்லாமல் சொல்லிவிடுகிறது. ஆடுகிறவனுக்கு இந்தப் பயம் நிஜமானது, ஏனென்றால் நஷ்டம் நிஜமானது. பின்னால் வந்த பதிப்புகள் ஆட்டக்காரர்கள் மனம் நோகக்கூடாது என்று இதைத் தணித்துக்கொண்டே வந்தன. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் மீட்கக்கூடிய நஷ்டமாயிற்று. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அநேகமாக ஒரு ராத்திரி ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் குறையாயிற்று. படங்கள் மேலும் மேலும் கோரமாயின. பயம் மேலும் மேலும் குறைந்தது. நம் புதுக்கவிதையிலும் இதே கதை நடந்திருக்கிறது என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

'லிப்ரிஸ் மார்ட்டிஸ்' நூலில் எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்ட பகுதி பசியைப் பற்றியது. ஆண்டி காலின்ஸும் ப்ரூஸ் கார்டெல்லும் எழுதியது. எந்தச் சாகாப்பிணத்துக்கு எதன்மேல் பசி, எது உண்டே தீர வேண்டியது, எது உண்ணாவிட்டாலும் இருந்துவிடும், எது தேவையில்லாமலே ஏங்கித் தவிக்கும் என்று ஒழுங்காக வகுத்திருக்கிறார்கள். இதைப் படிக்கிற தமிழ் வாசகனுக்குக் கலிங்கத்துப்பரணி நினைவுக்கு வராமல் இருக்க முடியாது.

ஜெயங்கொண்டார் 12-ஆம் நூற்றாண்டில் செய்தது உண்மையாகவே ஒரு பேய்த் துணைநூல்தான். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை அழித்ததைப் பாட வந்தவர், போருக்கு வெகு முன்பே பேய்களுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்குகிறார். அதில் ஊனமுற்ற பேய்களின் வரிசை ஒன்று வருகிறது. ஒரு பேய்க்குக் கை போயிருக்கிறது: முன்னொரு போர்க்களத்தில் வீரர்களின் பற்களை அரிசியாக்கி யானைத் தந்தத்தை உலக்கையாக்கிக் குத்தும்போது உலக்கை கைமேல் விழுந்துவிட்டது. இன்னொன்றுக்கு ஒரு கண் இல்லை: சக்கரக்கோட்டத்துப் போர்க்களத்தில் கொதித்த கூழ் தெறித்துவிட்டது. ஒவ்வொரு ஊனமும் ஒரு பழைய போரின் முத்திரை. பேயின் உடம்பே சோழப் படையெடுப்புகளின் பதிவேடாக இருக்கிறது. போர் முடிந்தபின் கூழ் காய்ச்சிப் பரிமாறும்போது பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், ஊமைப் பேய், கருவுற்ற பேய், விருந்தாளிப் பேய் என்று பந்தி அமைகிறது. கூழில் மயிர் கிடந்தால் சமணப் பேய்க்கு ஆகாது. அதற்கு வடிகட்டிக் கொடுக்க வேண்டும். நையாண்டிதான். ஆனாலும் உயிரோடிருக்கிறவர்களின் சமூகம் மொத்தமும் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது.

அமெரிக்கப் பட்டியலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பசியின் அளவில் இல்லை. பரணியின் பேய்கள் யாரோடும் சண்டைக்கு வருவதில்லை. மனிதர்கள் ஒருவரையொருவர் கொல்லும்வரை பசியோடு காத்திருக்கின்றன. அவற்றுக்கு எத்தனை அடி தாங்கும் என்று கேட்க வேண்டிய அவசியமே பரணியில் எழவில்லை. கொலை மனிதர்களின் வேலை, மிச்சத்தைச் சமைப்பது பேய்களின் வேலை. அமெரிக்க நூலிலோ கொல்லத் தக்கது பேய்தான். கொல்கிற கை எப்போதும் சுத்தமான கை.

இந்த இடத்தில் நம் பண்டிதர்கள் கைதட்ட ஆரம்பித்துவிடுவார்கள் என்பதால் அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். பரணி ராஜாவைப் புகழ எழுதப்பட்டது. அத்தனை பிணங்களும் குலோத்துங்கனின் கீர்த்திக்கு உரம். கூழுண்ட பேய்கள் கடைசியில் அவனை வாழ்த்துகின்றன. கலிங்கத்தில் செத்தவன் யார் என்று ஒரு பேய்கூடக் கேட்பதில்லை. அந்தக் கோரத்தை இத்தனை சந்த நயத்தோடு விழுங்கவைப்பதில் ஜெயங்கொண்டார் காட்டும் திறமையை வியக்கலாம். அதன் முன் கொஞ்சம் கூசவும் வேண்டும். காரைக்காலம்மையார் அவருக்குப் பல நூற்றாண்டு முந்தியவர். பேயுருவைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு, தன்னைக் காரைக்கால் பேய் என்றே பாட்டில் கையெழுத்திட்டார். அங்கே பேய்க்கு 'நான்' என்ற சொல் இருக்கிறது. பரணியில் அது பின்வாங்கிவிட்டது. 'மான்ஸ்டர் மானுவ'லில் அதற்கு இடமே இல்லை.

துணைநூல்களிலேயே இந்தக் குறையை உணர்ந்த ஒன்று உண்டு. 1992-ல் வில்லியம் கானர்ஸ் எழுதிய, ஆவிகளைப் பற்றிய வான் ரிக்டன் கையேடு. இந்த வரிசையின் நூல்கள் ருடால்ஃப் வான் ரிக்டன் என்ற கற்பனை டாக்டர் எழுதியவையாக அமைந்திருக்கின்றன. அவருடைய மகனை ரத்தக்காட்டேரி ஆக்கிவிட்டார்கள். தகப்பனே அவனை அழிக்க நேர்ந்தது. ஆகவே பட்டியல் போடுகிறவனுக்கும் பட்டியலில் இருப்பவனுக்கும் ரத்த சம்பந்தம் இருக்கிறது. ஆவிகளை வலிமையை வைத்து ஐந்து தரமாகப் பிரித்த பிறகு அந்த நூல் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரியானவை. இது எப்படிச் செத்தது? எதை விட்டுப் போக முடியாமல் நிற்கிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் வாளை வீசினால் ஆவி மறுபடி வரும். ஆடுகிறவர்கள் ஊருக்குள் போய் விசாரிக்க வேண்டியிருக்கிறது. செத்தவனுடைய வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. விதியே துக்கம் விசாரிக்க வைக்கிறது. ஒரு வணிகப் பிரசுரத்தில் இது சாத்தியமாகியிருப்பதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. (அந்தத் தொடரிலேயே வான் ரிக்டனின் மகனைக் கடத்தி விற்பவர்கள் ஐரோப்பிய நாடோடி ஜிப்ஸிகளின் சாயலில் வரைந்த விஸ்டானி என்ற இனத்தார். செத்தவர்களிடம் நியாயம் காட்டிய கற்பனை உயிரோடிருக்கும் ஒரு ஜனத்திடம் காட்டவில்லை. பதிப்பகம் அதைத் திருத்த முன்வந்தது 2020-ல்தான்.)

நான் வேலை பார்க்கிற வங்கித் துறையில் இதற்கு ஒரு பழகிய முகம் உண்டு. கணக்கு வைத்திருப்பவர் செத்துப்போனது வங்கிக்குத் தெரியாது. சேமிப்புக் கணக்கில் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். பத்து வருஷம் யாரும் கேட்டு வரவில்லை என்றால், 2014-லிருந்து, பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடுகிறது. போனாலும் வாரிசு வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். பேரேட்டில் அது கடைசிவரை பொறுப்புத்தான், வரவு ஆகாது. பேயைப் பற்றி நம் கிராமங்கள் நினைத்ததும் ஏறக்குறைய இதுவே. அகாலமாய்ச் செத்தவனுக்கு யாரோ ஏதோ பாக்கி. அது தீரும்வரை அவன் பெயரைக் கணக்கிலிருந்து எடுக்க முடியாது. கொன்றால் புள்ளி கிடைக்கும் என்கிற விளையாட்டு பொறுப்பை வரவு என்று எழுதுகிறது. கணக்கெழுதுகிறவன் பார்வையில் இது மோசடி.

இந்த வித்தியாசத்தைத் தமிழ்க் குழந்தைகள் ஒரு தலைமுறைக்கும் மேலாக ஒரே சித்திரத்தில் பார்த்து வந்திருக்கிறார்கள். அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் - வேதாளம் கதைகளுக்குப் படம் வரைந்தவர் 1924-ல் கொங்கு நாட்டில் பிறந்த கே. சி. சிவசங்கரன், 2020-ல் காலமானார். உருவிய வாளோடு ராஜா மயானத்தில் நடக்கிறான்; தோளில் பிணம். அந்த வாள் எதற்கு? வேதாளத்தின் விஷயத்தில் அது ஒரு பிரயோஜனமும் இல்லாதது. வேதாளம் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். சொன்னால் பிணம் மரத்துக்கே திரும்பிவிடும். சுமக்க வேண்டும், கேட்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும், மறுபடி போய் இறக்கிச் சுமக்க வேண்டும். செத்தவனோடு உயிருள்ளவனுக்கு இருக்கக்கூடிய உறவை இதைவிடச் சரியாக எந்த விதிநூலும் எழுதியதில்லை.

இத்தனையும் எழுத என்னைத் தூண்டியது வேறொன்று. முன்பு சொன்ன இளைஞர்கள் தமிழிலேயே ஒரு துணைநூல் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். கையெழுத்துப் பிரதியை எனக்குக் காட்டினார்கள். உழைப்பு தெரிகிறது. கொள்ளிவாய்ப் பிசாசு, மோகினி, காட்டேரி, முனி என்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை அடி தாங்கும், கொன்றால் எத்தனை புள்ளி என்ற கட்டம். அந்த வரிசையிலேயே, கொஞ்சம் பெரிய எண்களோடு, மதுரை வீரன்.

மதுரை வீரன் யார்? சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன், நாயக்கர் வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனவன், கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவன் என்கிறது கதை. கொங்கில் அருந்ததியர் தெருக்களில் அவனுக்குக் கோயில் இருக்கிறது. கொலையுண்டவனைத் தெய்வமாக்குவது இந்த மண்ணின் பெரிய வழக்கம். பயம் அதில் உண்டு; பயத்தைவிடப் பெரிதாகக் குற்ற உணர்வு உண்டு; செத்தவனுடைய ஜனங்களுக்கோ அதில் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. சாதி தாண்டிக் காதலித்ததற்காக இளைஞர்களைக் கொல்வதை இந்த நூற்றாண்டிலும் விடாத ஒரு பிரதேசத்தில் உட்கார்ந்துகொண்டு, அப்படிக் கொல்லப்பட்டவனை மறுபடி ஒருமுறை வெட்டினால் இத்தனை புள்ளி என்று எழுதுவது அறியாமல் செய்ததாக இருக்கலாம். விளைவு அறியாமையைப் பொறுத்ததல்ல. யூதர்கள் தொழுகையில் அணியும் பெட்டியின் ஆங்கிலப் பெயரைச் சாகாத சூனியக்காரன் தன் உயிரை ஒளித்துவைக்கும் கலத்துக்கு வைத்திருந்தார்கள். பாத்ஃபைண்டர்காரர்கள் 2022-ல் அதை மாற்றி 'உயிர்க்கூண்டு' என்கிற அர்த்தத்தில் வேறு பெயர் வைத்தார்கள். அமெரிக்கர்கள் திருத்திக்கொண்டு வருகிற தப்பை நாம் நம் தெய்வங்களை வைத்தே புதிதாக ஆரம்பிக்க வேண்டாம்.

இதற்குப் பதில் பேய்களைப் பற்றி எழுதாமலிருப்பது அல்ல. 2021-ல் வந்த ரேவன்லாஃப்ட் நூலில் காலகேரி என்ற இந்தியச் சாயல் நாட்டை அஜித் ஜார்ஜ் எழுதினார். 1990-களின் நூலில் ஸ்ரீராஜி என்ற பெயரில், வெளியாள் பார்த்த இந்தியாவாக இருந்தது அது. இப்போது அதை ஆள்பவள் செத்து எழுந்த அரசி ராம்யா. உடன்பிறந்தவர்களோடு முடிவில்லாத போர். பேய் இங்கே வாரிசுச் சண்டையின் பெயர். நம் வீடுகளில் பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கொங்கிலேயே இதற்கு மேலான ஒன்று இருக்கிறது. அண்ணன்மார் கதை. காங்கேயம் பக்கத்தில் 1960-களில் தங்கி ஆராய்ந்த ப்ரெண்டா பெக் அதை ஒலிப்பதிவு செய்து உலகறியச் செய்தார். உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடுகிறார்கள். வேட்டுவரோடு போரிட்டுப் பொன்னரும் சங்கரும் மாள்கிறார்கள். தங்கை தங்காள் படுகளம் தேடி வந்து அவர்களை எழுப்புகிறாள். அண்ணன்மார் எழுகிறார்கள், தங்கையோடு பேசுகிறார்கள், மறுபடி படுத்துவிடுகிறார்கள். எழுப்பியது சண்டைக்கும் அல்ல, ஏவலுக்கும் அல்ல. ஒருமுறை பார்க்க, பேச. சடங்கில் ஆண்கள் நிஜமாகவே களத்தில் விழுந்து பிணமாய்க் கிடக்கிறார்கள். துணி போர்த்தி, ஒப்பாரி வைத்து, நீர் தெளித்து எழுப்புகிறார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரம் ஏற்பதற்கும் இதற்கும் தூரம் அதிகம்தான். இருந்தாலும் ஒரே வீதியின் இரண்டு கோடிகள். இதிலும் ஒரு கணக்கு விட்டுப்போயிருக்கிறது. தங்காள் எழுப்புவது தன் அண்ணன்மாரை. எதிர்த்தரப்பில் விழுந்த வேட்டுவர்கள் விழுந்தபடியே கிடக்கிறார்கள். யாருடைய செத்தவர்கள் எழ வேண்டும் என்பதைப் பாடுகிறவர்களின் நிலவுடைமை தீர்மானித்திருக்கிறது.

ஆகவே அந்த இளைஞர்களிடம் நான் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். கட்டங்கள் இருக்கட்டும்; விளையாட்டுக்கு விதி வேண்டும். முதல் கட்டத்தில் அடி தாங்கும் எண்ணுக்குப் பதிலாக, யார் பெற்ற பிள்ளை என்று எழுதுங்கள். இரண்டாவதில், யார் கொன்றது. மூன்றாவதில், என்ன பாக்கி, யார் தர வேண்டும். பாக்கி தீர்ந்தால் மட்டும் புள்ளி. வாளால் வெட்டினால் ஒரு படி இறக்கம், அந்தப் பழைய விதிப்படி, ஓய்வெடுத்து மீட்க முடியாதபடி. ஆட்டம் மெதுவாகப் போகும், பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்றார்கள். போகட்டும். பல இரவுகள் உட்கார்ந்து கதை கேட்ட ஊர்க்காரர்கள் நாம். மிச்சப் பாதிப் பேர் போதும்.